மேல்வீட்டுக் கையெழுத்து

“அம்மா, யோகட் மாதிரி எங்கட வீடும் எக்ஸ்பயர் ஆகுமோ?” என்று என் மகள் ஹரிப்பிரியா ஏழு வயதில் ஒருமுறை கேட்டாள். நான் சிரித்தேன். ஆகும் என்பதுதான் உண்மை. புலம்பெயர்ந்து வந்து வெஸ்ட்மீடில் நாங்கள் வாங்கிய மாடிவீட்டின் நிலம் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். எங்களுக்கு இருப்பது குத்தகை மட்டும். அது முடிந்தால் சுவரும் கூரையும் அவர்களுக்கே போய்விடும்.

என் கணவர் இறந்தபோது ஒன்பது வருடமே மிச்சமிருந்தது. அப்படிப்பட்ட வீட்டை யாரும் வாங்கமாட்டார்கள். எனக்கும் மகளுக்கும் போக வேறு இடமும் இல்லை. பிறகு ஒருநாள், குத்தகையை இன்னும் தொண்ணூறு வருடம் நீட்டித் தருவதாக அறக்கட்டளை சொன்னது. கட்டடத்தின் ஆறு வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் எவருக்கும் இல்லை. மேல்வீட்டுச் சத்தியபாமா அன்ரி மட்டும் மறுத்தார்.

“எனக்கு எண்பது வயசு, தாட்சாயினி. தொண்ணூறு வருசத்தை வைச்சு என்ன செய்யிறது, ஊறுகாய் போடுறதோ?”

“எங்களுக்காக வையுங்கோ அன்ரி.”

“எங்கட அவர் ஒருக்கா கையெழுத்து வைச்சுத்தான் ஊர்க் காணி போனது. இனி நான் ஒண்டிலையும் வைக்கமாட்டன் பிள்ளை.”

நான் கோபப்படவில்லை. பெரிய தர்மங்களைவிடச் சின்ன உதவிகளையே கடவுள் கவனிக்கிறார் என்று நம்புகிறவள் நான். முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. போகும்முன் தினமும் மேலே ஏறி, அன்ரியின் சீனி அளவைப் பார்த்து, இன்சுலின் எவ்வளவு என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். கெல்லிவில்லில் இருக்கும் அவர் மகன் பிரஷாந்தனுக்கு அது பெரிய ஆறுதல். குத்தகை பற்றி அவர் பகிடியாகத்தான் சொன்னார்: “அம்மா இருக்குமட்டும் நடவாது அக்கா. என்ர கைக்கு வந்தா அண்டைக்கே வைச்சுத் தருவன்.”

கந்தசஷ்டி வந்தது. அன்ரி விடாமல் விரதம் பிடிப்பவர். மருத்துவர் சொன்னபடி அந்த நாட்களில் ஊசியைக் குறைத்து, மாலையில் பாலும் பழமும் கொடுப்பது என் பொறுப்பு. இந்தமுறை சூரன்போர் அன்று தண்ணீர் மட்டும் குடித்து இருக்கப்போவதாகச் சொன்னார். நான் தடுக்கவில்லை. பக்தியைத் தடுப்பது பாவம்.

“அப்ப ஊசி, பிள்ளை?”

“குறைக்க வேண்டாம், வழமையான முழு அளவே போடுங்கோ அன்ரி.”

அவர் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். பிறகு நான் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனேன்.

விசாரிக்க வந்த நீங்கள் தொலைபேசிப் பதிவைப் பார்த்துவிட்டு, அன்று பின்னேரம் அன்ரியிடமிருந்து வந்த அழைப்பில் என்ன பேசினோம் என்று கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை, ஐயா. கோயில் வெளிவீதியில் சூரன் ஆடிக்கொண்டிருந்தான். மேளச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“பிள்ளை, கை நடுங்குது. உடம்பெல்லாம் வேர்க்குது. ஒரு வாய் பால் குடிக்கட்டோ?”

அந்த நடுக்கம் என்னவென்று எனக்குத் தெரியும். இல்லத்தில் எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன். ஒரு கரண்டி சீனி போதும்.

“இவ்வளவு நேரம் இருந்திட்டீங்கள் அன்ரி. இப்ப விரதத்தைக் குழப்பாதேங்கோ. போய்ப் படுங்கோ, நான் விபூதியோட வாறன்.”

“ஓம் பிள்ளை. நீ சொன்னாச் சரி.”

சங்காரம் முடிந்து, பூசையும் பார்த்து, வரிசையில் நின்று விபூதி வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டேன். என்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்தேன். குசினிக் கதிரையில் சாய்ந்திருந்தார். கை குளிர்ந்திருந்தது. மேசையில் பால் ஊற்றிய கோப்பை, வாய் வைக்காமல். நெற்றியில் விபூதி பூசிவிட்டு பிரஷாந்தனுக்கு அழைத்தேன். “நீங்கள்தான் அம்மாவுக்கு மகள்” என்று, ஓடிவந்தவர் என் தோளில் அழுதார். தைப்பூசத்துக்கு முன் கையெழுத்தும் வைத்தார். மிச்ச ஐந்து குடும்பமும் இன்று நிம்மதியாகத் தூங்குகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. சூரன்போருக்கு மறுநாள் காலை விரதகாரர் பாறணைச் சோறு சாப்பிட்டால்தான் விரதம் நிறைவாகும். அன்ரிக்கு அது கிடைக்கவில்லை. அதனால் அன்று விடிய எழும்பி முழுகி, சோறும் பருப்பும் அவருக்குப் பிடித்த வாழைக்காய்க் கறியும் சமைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி இலையில் படைத்தேன். பிறகு அவருக்காக நானே அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். யாரும் பார்க்கவில்லை. அவருக்கு நான் பட்டிருந்த கடன் அது ஒன்றுதான். அதையும் தீர்த்துவிட்டேன்.