பெரியவளுக்குப் பசி அதிகம்

சின்னவள்: அக்கா, பத்திரிகையைத் தலைகீழாப் பிடிச்சிருக்க.

பெரியவள்: படம்தானே பாக்குறேன். எப்படிப் பிடிச்சா என்ன.

சின்னவள்: கார்லயும் ஒரு வார்த்தை பேசல. கோவமா?

பெரியவள்: கோவமெல்லாம் இல்ல. கடையில பாதி வேலையைப் போட்டுட்டு வந்திருக்கேன். மூணு அடுக்கு கேக். நடு அடுக்குக்கு இன்னும் க்ரீம் பூசல. நாளைக்கு விடிஞ்சதும் கல்யாண வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க.

சின்னவள்: நான் பஸ்லயே வந்திருப்பேனே.

பெரியவள்: வந்திருப்ப. வழியில மயங்கி விழுந்தா அம்மா என்னைத்தான் வறுத்தெடுப்பா.

சின்னவள்: இப்பல்லாம் மயக்கம் வர்றதில்ல.

பெரியவள்: அதான் தெரியுதே. கன்னத்துல கொஞ்சம் சதை கூட...

சின்னவள்: அக்கா, ப்ளீஸ். உடம்பைப் பத்தி யாரும் பேச வேண்டாம்னு கவுன்சிலிங் மேடம்...

பெரியவள்: ஆமா, மறந்துட்டேன். உன் உடம்பைப் பத்திப் பேசக்கூடாது. உன் தட்டை உத்துப் பாக்கக்கூடாது. நீ எவ்வளவு சாப்பிட்டன்னு எண்ணக்கூடாது. வீட்டுக்கே சட்டம் போட்டாச்சு. என் உடம்பைப் பத்தி மட்டும் தெருவுல போறவங்க வரைக்கும் பேசலாம்.

சின்னவள்: யாரு பேசினா?

பெரியவள்: யாரு பேசல? நேத்து அம்மா உன் பக்கத்துலயே உக்காந்திருந்தா. நீ ஒரு வாய் வெச்சா அவ முகத்துல விளக்குப் போட்ட மாதிரி இருந்துது. நான் ரெண்டாவது தடவை சாதத்துக்குக் கை நீட்டினேன். என்ன சொன்னா? "பெரியவளுக்கு எப்பவும் பசி அதிகம்"னா. அப்பா சிரிச்சார். நீயும் சிரிச்ச.

சின்னவள்: நான் சிரிக்கல.

பெரியவள்: உதடு அசைஞ்சுது.

சின்னவள்: வாய் நிறைய சோறு, அக்கா. மென்னுக்கிட்டு இருந்தேன்.

பெரியவள்: ...சரி, இரு. போன். அம்மாதான். என் போன்ல கூப்பிட்டு உன்னைத்தான் கேப்பா, பாரேன். ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லும்மா.

அம்மா: போய்ச் சேந்தாச்சா? கிளம்பும்போது பால் பாதிதான் குடிச்சா. டப்பாவுல பழம் வெட்டிப் போட்டிருந்தேனே, சாப்பிட்டாளா?

பெரியவள்: நான் நல்லா இருக்கேம்மா.

அம்மா: உனக்கென்னடி, நீ கல்லு மாதிரி. அவ எப்படி இருக்கா, அதைச் சொல்லு.

பெரியவள்: பக்கத்துலதான் இருக்கா. நீயே கேளு.

அம்மா: வேண்டாம், வேண்டாம். நான் கேட்டா அவளுக்குத் தொந்தரவா இருக்கும். அந்தப் பழத்தை நீ எடுத்துச் சாப்பிட்டுடாத. அவளுக்குன்னு வெச்சது.

பெரியவள்: சரிம்மா.

சின்னவள்: குடு, நான் பேசறேன்... அம்மா...

பெரியவள்: வெச்சுட்டா. கேட்டியா? கல்லு மாதிரியாம்.

சின்னவள்: அவ நல்லதா நெனச்சுத்தான் சொல்றா.

பெரியவள்: உனக்குச் சொல்லும்போது ஒவ்வொரு வார்த்தையையும் தடவித் தடவி எடுக்குறா. எனக்குன்னா அள்ளிக் கொட்டுறா.

சின்னவள்: உனக்கு ஒண்ணு தெரியுமா? முன்னாடியெல்லாம் நீ சாப்பிடறதைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும்.

பெரியவள்: என்னைப் பாத்தா?

சின்னவள்: ஆமா. எதையும் யோசிக்காம எடுத்து வாயில போட்டுக்குவ. விரலை நக்குவ. அடுத்த பேச்சுக்குப் போயிடுவ. நான் ஒரு ரொட்டித் துண்டை வெச்சுக்கிட்டு மனசுக்குள்ள பஞ்சாயத்து நடத்திக்கிட்டு இருப்பேன்.

பெரியவள்: நல்லாத்தான் பாத்திருக்க போ.

சின்னவள்: ஏன் அப்படிச் சிரிக்குற?

பெரியவள்: ஒண்ணுமில்ல. எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்க உன்னை?

சின்னவள்: இப்பக் கூப்பிட்டுடுவாங்க. அக்கா... இன்னிக்கு நீயும் உள்ள வரணும்.

பெரியவள்: நான் எதுக்கு?

சின்னவள்: வீட்டுல இருந்து ஒருத்தர் வரணுமாம்.

பெரியவள்: அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே. பந்தயத்துல ஓடற மாதிரி ஓடி வந்திருப்பா.

சின்னவள்: நீதான் வரணும்.

பெரியவள்: நான் வரமாட்டேன். அது உன் இடம். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள அப்படி என்னதான் பேசுவீங்க? ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் ஒரே கட்டில்ல படுத்தவங்க நாம. போர்வைக்கு அடிச்சுக்கிட்டவங்க. என்கிட்ட சொல்லாத எதை உன் மேடம்கிட்ட சொல்ற?

சின்னவள்: அவங்ககிட்ட சொல்றது சுலபம். அவங்க அழமாட்டாங்க. உனக்கோ அம்மாவுக்கோ சொன்னா, அப்புறம் உங்களை நான் சமாதானப்படுத்தணும்.

பெரியவள்: நீ வெளிய வரும்போது புதுசாத் தலைக்குக் குளிச்சிட்டு வர்ற மாதிரி இருக்கும் உன் முகம். நான் இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு அதைப் பாத்துட்டு... வயிறு எரியும். நிஜமாச் சொல்றேன்.

சின்னவள்: அவங்களைக் கண்டுபிடிச்சதே நீதானே.

பெரியவள்: அதான் இன்னும் எரியுது.

சின்னவள்: நான் வேலை பாக்குற கண்ணாடிக் கடையில மயங்கி விழுந்தப்ப, ஆஸ்பத்திரியில டானிக் எழுதிக் குடுத்தாங்க. கல்யாணம் பண்ணி வைங்க, தானா சாப்பிடுவான்னாரு பெரிய டாக்டர். அம்மா அதுக்கும் தலையாட்டினா. நீ மட்டும்தான் "இது டானிக்ல போற விஷயமில்ல"ன்ன. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

பெரியவள்: எங்கயோ படிச்சேன்.

சின்னவள்: இவங்களை எப்படிப் பிடிச்ச?

பெரியவள்: போன் போட்டுப் போட்டுத்தான். சாப்பாட்டுப் பிரச்சினைக்குப் பாப்பீங்களான்னு கேட்டா, இளைக்கணுமா குண்டாகணுமான்னு கேட்டா ஒருத்தி. இன்னொருத்தர், பசங்களோட பரீட்சைப் பயத்துக்கு மட்டும்தான் பாப்பேன்னாரு. இதுக்குன்னே படிச்சவங்க உன் மேடம்தான். அவங்களும் புது ஆள் எடுக்கல. மாசக்கணக்குல வரிசை. மாவு மூட்டைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, முதலாளி காதுல விழாம, வாரா வாரம் கூப்பிட்டுக் கெஞ்சினேன். சும்மா கிடைச்சாங்கன்னு நெனச்சியா?

சின்னவள்: மாசக்கணக்குலயா?

பெரியவள்: பின்ன?

சின்னவள்: நான் விழுந்த வாரமே இங்க வந்துட்டேனே.

பெரியவள்: அது... யாரோ வர முடியலன்னுட்டாங்க. அந்த இடம் உனக்குக் கிடைச்சுது.

சின்னவள்: யாரு வர முடியலன்னா?

பெரியவள்: எனக்கென்ன தெரியும்?

சின்னவள்: நான் விழறதுக்கு முன்னாடி யாருக்காகக் கெஞ்சின?

பெரியவள்: மெதுவாப் பேசு. அந்தப் பக்கம் ஆள் இருக்கு.

சின்னவள்: மெதுவாத்தான் கேக்குறேன்.

பெரியவள்: ...எனக்குத்தான். போதுமா? கேக்கை மட்டமாக்க மேல்பக்கத்தை வெட்டி எடுப்போம். வெட்டினதெல்லாம் ஒரு வாளியில விழும். எல்லாரும் போனதும் அதை எடுத்துக்கிட்டு உக்காந்துடுவேன். ருசியே தெரியாது. கை பாட்டுக்குப் போகும், வரும். வாளி காலியாகணும். அப்புறம் அத்தனையையும் வாந்தியா வெளிய தள்ளணும். மறுநாள் பூரா பட்டினி. அந்தப் பசியோட வீட்டுக்கு வந்து ரெண்டாவது தடவை கை நீட்டினா... பெரியவளுக்குப் பசி அதிகம்.

சின்னவள்: எவ்வளவு நாளா?

பெரியவள்: உனக்கு முன்னாடியே. எல்லாத்துலயும் நான்தானே மூத்தவ.

சின்னவள்: சிரிக்காதக்கா.

பெரியவள்: உனக்கு எலும்பு தெரிஞ்சுது. பாத்தவங்க பதறினாங்க. என்னைப் பாத்தா யாருக்குத் தோணும்? கேக் கடையில வேலை பாக்குறா, சதை போட்டிருக்கா. அவ்வளவுதான். நானே வாய் திறந்து சொன்னாலும், "கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடு"ன்னு சொல்லியிருப்பாங்க.

சின்னவள்: நான் விழுந்த அன்னிக்கு...

பெரியவள்: அதைக் கேக்காத.

சின்னவள்: சொல்லு.

பெரியவள்: ஆஸ்பத்திரி வராந்தாவுல எனக்கு முதல்ல பயம் வரல. பொறாமைதான் வந்துது. இவ விழுந்துட்டா, எல்லாரும் ஓடி வர்றாங்க. எனக்கு விழக்கூடத் தெரியலையேன்னு. என்ன ஜென்மம் நான், பாத்துக்க.

சின்னவள்: அப்புறம் எதுக்கு உன் இடத்தை எனக்குக் குடுத்த?

பெரியவள்: ஊசி போட நரம்பு கிடைக்காம உன் கையில மாத்தி மாத்திக் குத்தினாங்க. நீ கத்தக்கூட இல்ல. மேல மின்விசிறியையே பாத்துக்கிட்டு இருந்த. அதைப் பாத்துட்டு என் பேரைச் சொல்ல முடியுமா? வெளிய போய் போன் பண்ணேன். எனக்குப் பதிலா என் தங்கச்சி வருவான்னேன்.

சின்னவள்: மறுபடியும் பேர் குடுத்திருக்கலாமே.

பெரியவள்: ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கா? அம்மாவால தாங்க முடியுமா? வீட்டுல யாராவது ஒருத்தி கல்லு மாதிரி இருக்க வேண்டாமா?

சின்னவள்: கையைக் குடு.

பெரியவள்: விடுடி, க்ரீம் பிசுக்கு இன்னும் போகல... கதவு திறக்குது பாரு. எழுந்திரு. சரி, நானும் வர்றேன். ஆனா உன்னைப் பத்தி மட்டும்தான் பேசுவேன்.

சின்னவள்: அது என் மேடம் ரூம் இல்ல. திறந்தது பக்கத்து ரூம்.

பெரியவள்: அப்ப உக்காரு. இது வேற யாருக்கோ.

சின்னவள்: உனக்கு.

பெரியவள்: என்ன உளர்ற?

சின்னவள்: என்னோடது நேத்தே முடிஞ்சுது. என் கடையில இருந்து நேரா வந்துட்டுப் போனேன். அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் ஒருத்தரே பாக்க மாட்டாங்களாம். இவங்களும் இதுக்குன்னே படிச்சவங்கதான். புதுசா வந்திருக்காங்க. உன் பேர்ல நான்தான் நேரம் கேட்டேன்.

பெரியவள்: வீட்டுல இருந்து ஒருத்தர் வரணும்னியே...

சின்னவள்: பொய். இல்லன்னா கார்லயே திரும்பிப் போயிருப்ப.

பெரியவள்: இரு... நான் இப்பத்தானே உன்கிட்ட சொன்னேன். நேத்தே எப்படி...?

சின்னவள்: உன்னைக் கூட்டிட்டுப் போகலாம்னு ஒரு நாள் உன் கடைக்கு வந்தேன். பின்கதவு சாத்தாம இருந்துது. நீ தரையில உக்காந்திருந்த. பாத்ததுமே புரிஞ்சுது. எனக்குப் புரியாதா? கூப்பிடாம திரும்பிட்டேன்.

பெரியவள்: எப்போ?

சின்னவள்: நான் இங்க வர ஆரம்பிச்ச புதுசுல.

பெரியவள்: அவ்வளவு நாளாவா? ஒரே வீட்டுல, தினம் என் முகத்தைப் பாத்துக்கிட்டு... ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?

சின்னவள்: சொல்லியிருந்தா அம்மா என்னை விட்டுட்டு உன்கிட்ட வந்திருப்பா, அக்கா. எனக்கு அது பொறுக்கல.