ஒரு புள்ளி குறைத்த கட்டுரை

'மிகவும்' என்ற சொல்லை நான் வகுப்புக்குள் விடுவதில்லை, ஐயா. சாவகச்சேரியில் பதினாறு வருடமாகத் தமிழ் ரியூசன் கொடுக்கிறேன்; அந்தச் சொல்லோடு வந்த கொப்பி எதுவும் சிவப்புக் கோடு வாங்காமல் வீடு திரும்பியதில்லை. பொலிஸ்காரர் நீங்கள் கேட்பது ஆட்டைப் பற்றி. அதற்கும் வருகிறேன்.

நான் கொடிகாமம் சந்தையில் வளர்ந்தவன். அப்பர் மாம்பழ வியாபாரி. பக்கத்துக் கடைக்காரர் தேன், கற்கண்டு என்று தொண்டை கிழியக் கூவுவார். அப்பர் வாய் திறவாமல் ஒரு பழத்தைக் கீறி நீட்டுவார். சனம் எங்கே நின்றது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எழுத்தும் அவ்வளவுதான். கூவக்கூடாது, கீறிக் காட்ட வேண்டும்.

ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் கீறிக் காட்ட ஒன்றுமில்லை. செல்லப்பிராணி என்று தலைப்புக் கொடுத்தால் முப்பது கொப்பியிலும் ஒரே நாய், ஒரே நன்றியுணர்வு, எல்லாம் பாடமாக்கியது. ஒருநாள் வாசலில் கிடந்த செருப்பில் ஒரு சோடியை ஒளித்து வைத்தேன். ஐந்து வரி தாண்டாத கேதீஸ்வரன், தன் தொலைந்த செருப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினான். அறுந்த வாரில் ஊசி குத்தியிருந்த இடம்வரை அதில் இருந்தது. இழந்தவன் அலங்காரம் தேட மாட்டான் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். பிறகு ஒரு குடை, ஒரு சைக்கிள். எல்லாம் திருப்பிக் கொடுத்தவைதான்.

அயலில் இருக்கிற பரமலிங்கத்தாரின் மகள் தர்சிகா என் வகுப்பில் கெட்டிக்காரி. கட்டுரைப் போட்டிக்குப் போக வேண்டியவள். எழுத்தில் மட்டும் உயிர் இல்லை. அவளிடம் ஒரு கிடாய்க்குட்டி இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தால் வந்தால் வாசல் படலைவரை ஓடிவரும். ஒரு மத்தியானம் பலா இலைக் கொத்தொன்றைக் காட்டினேன். என் பின்னாலும் வந்தது. என் வளவின் பின்பக்கம் கட்டிவிட்டு, அவர்களோடு சேர்ந்து நானும் தேடினேன். அயல் என்றால் அப்படித்தானே.

"ஆடு வருமோ சேர்?" என்று கேட்டாள்.

"எழுதும், பிள்ளை. எழுதி முடிய வரும்" என்றேன்.

எழுதினாள். மோசமில்லை, கடைசிப் பந்திதான் கெட்டுப்போனது. 'மிகவும் விரைவில் வந்துவிடும் என நம்புகிறேன்.' பாருங்கள், நம்பிக்கை இருக்கிற இடத்தில் அந்தச் சொல் வந்து குந்திவிடுகிறது. ஆட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால் கட்டுரை அதோடு சரி.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பங்கு இறைச்சி போடுவதாக அயலில் சொன்னேன். ஆறு பங்கு. வியாபாரி வீட்டுப் பிள்ளை எதையும் வீணாக்க மாட்டான். தலையும் தோலும் போன பிறகு ஆட்டுக்கு முகவரி இல்லை. பரமலிங்கத்தாரும் ஒரு பங்கு எடுத்தார்.

"பிள்ளை ஒண்டும் சாப்பிடுறாள் இல்லை மாஸ்ரர். ரசம் வைக்க எலும்பும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கோ" என்றார். நல்ல எலும்பாகப் பார்த்துப் போட்டேன்.

அடுத்த வகுப்பில், ஆட்டைக் கள்ளர் அறுத்துவிட்டதாகக் கேள்வி என்று பக்குவமாகச் சொல்லி, கடைசிப் பந்தியைத் திரும்ப எழுத வைத்தேன். ஐயா, ஒரு சொல் மிகையில்லை. 'படலை திறக்கும்போது என் கை இப்போதும் கீழே போகிறது, அதன் தலையைத் தொட' என்று எழுதியிருந்தாள். பதினாறு வருடத்தில் அப்படி ஒரு வரி என் கைக்கு வந்ததில்லை.

ஒரே ஒரு வரி சறுக்கிவிட்டது. 'கடைசி நேரத்தில் அது என்னைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கும்.' பழக்கதோஷம், பேனை தானாக ஓரத்துக்குப் போய்விட்டது: 'பிழை. கத்தவில்லை. வாயில் பலா இலை இருந்தது.' கொப்பி வீட்டுக்குப் போனது. பரமலிங்கத்தார் வாசித்துவிட்டு முதலில் வேலியோரம் போய்ச் சத்தி எடுத்தாராம். பிறகுதான் உங்களிடம் வந்தார்.

ஆட்டை எடுத்ததும் நான்தான், அறுத்ததும் நான்தான். அப்படியே சுருக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். கொப்பியைத் தடயமாக எடுத்தால் அதில் தொண்ணூற்றொன்பது புள்ளி இருக்கும். அந்த ஒன்றைக் குறைத்தது எனக்கும் மனவருத்தம்தான். என்ன செய்வது, பிள்ளைகளிடம் பொய்யை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.