ஆமாஞ்சாமிக்கு ரத்தம்

பகடைய நான் ஒளிச்சு வைக்கல மேடம், உங்க நாற்காலிக்குக் கீழதான் உருண்டு போச்சு. காலைக் கொஞ்சம் தூக்குங்க. ஆங், கிடைச்சிருச்சு.

நீங்க விசாரிக்க வந்த புகாரை எழுதினது யாருன்னு நான் கேக்கமாட்டேன். நர்சிங் காலேஜ்ல டீச்சரம்மா பிள்ளைங்களோட உக்காந்து பாம்பு ஏணி விளையாடுறான்னு எழுதியிருக்கு, அதானே? உண்மைதான். ரத்தம் ஏத்துற பாடத்தை மூணு வருஷம் புத்தகத்தை வெச்சுத்தான் நடத்தினேன். நான் பேசினேன், அதுங்க தூங்கிச்சுங்க. பரீட்சையில தொண்ணூறு மார்க். வார்டுல ரத்தப் பையைக் கையில குடுத்தா திருதிருன்னு முழிக்குங்க.

இப்ப தரையில சாக்பீஸ்ல கட்டம். பையில இருக்கிற பேரையும் நோயாளி கையில கட்டின பேர்ப்பட்டையையும் ரெண்டு பேர் தனித்தனியா படிச்சுப் பாத்தா ஏணி. ஒருத்தி பாத்து இன்னொருத்தி சும்மா தலையாட்டினா பாம்பு. போன வாரம் ஒரு பொண்ணு பாம்புல மாட்டி அழுதுட்டா. அழட்டுமே, இங்க அழுதா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

நீங்களும் ஒரு தடவ ஆடுங்களேன். அட, சும்மாதான். இந்தாங்க பை, பீட்ரூட் தண்ணி. கட்டில்ல கிடக்காரே பெரியவர், அவர்தான் நோயாளி. பிள்ளைங்க ஆமாஞ்சாமின்னு கூப்பிடுவாங்க, கோவிச்சுக்கமாட்டார். ஆள் சரியான்னு பாத்துட்டு மாட்டுங்க.

போச்சு. ஆளை முடிச்சிட்டீங்க மேடம், முதல் கட்டத்துக்குப் போங்க. பையில இருக்கிற பேரைச் சொல்லி நீங்கதானேன்னு கேட்டீங்க, அவரும் ஆமான்னுட்டார். காய்ச்சல்ல கிடக்கிறவர் எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வார். உங்க பேர் என்னன்னு கேக்கணும், பேர் அவர் வாயால வரணும். பட்டைய நீங்க திருப்பிக்கூடப் பாக்கல.

ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு? பீட்ரூட் தண்ணிக்கா? விடுங்க மேடம். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே கேள்வியத்தான் கேட்டேன், இவர்கிட்டயேதான். ஆமான்னார். கூட நின்ன நர்ஸ், நீ பாத்தா சரிதான் அக்கான்னு தலையாட்டினா. அன்னைக்குப் பையில இருந்தது பீட்ரூட் இல்ல, வேற ஆளுக்கு வந்த ரத்தம். கொஞ்சம் இறங்கினதும் முதுகு வலிக்குதும்மான்னார், உடனே நிறுத்திட்டேன். பதினெட்டு நாள் ஐசியூல கிடந்தார். நான் வெளிய பெஞ்சுல கிடந்தேன். பிழைச்சு எழுந்தவர் என்னடான்னா, வருஷாவருஷம் பஸ் ஏறி வந்து இங்க படுத்துக்கிறார், பாதி ஆட்டத்துல குறட்டை வேற.

ஆட்டத்தை என்ன பண்றதுன்னு அவரையே கேளுங்க. நிறுத்திடலாமான்னு மட்டும் கேட்டுடாதீங்க, ஆமான்னுடுவார்.