சொல்லியாச்சு, சார்

பேரையூர்ப் பக்கம் நல்ல தண்ணீர் கிடைப்பது லேசான காரியமில்லை. பெரும்பாலான கிணறுகளில் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. எங்கள் பகுதியில் கனகலட்சுமியின் தோப்புக் கிணறு ஒன்றுதான் இனிக்கும். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. வீட்டு விசேஷம் எதற்கும் வெளியிலிருந்து தண்ணீர் வாங்கியதில்லை. "எங்க கெணத்துத் தண்ணி இருக்கயில, கேன் தண்ணியக் குடிக்கணுமாக்கும்" என்பாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் செய்தது முழுக்க அந்தப் பெருமையை நம்பித்தான்.

தகவல் கொடுக்க மறந்துவிட்டீர்களா என்று விசாரணையில் கேட்டீர்கள். மறக்கவில்லை. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சின்னது. ஒரு டாக்டர், ஒரு லேப், லேபில் நான் ஒருத்திதான். காசநோய், காலரா மாதிரி அரசாங்கத்துக்குச் சொல்லியே ஆகவேண்டிய நோய் எது வந்தாலும் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுப்பதும் என் பொறுப்பு. அதுவரை ஒன்றைக்கூட விட்டதில்லை. என் வீட்டுக்காரர் முத்துக்குமரனின் சளியில் காசநோய்க் கிருமியைப் பார்த்ததும் நான்தான், அன்றைக்கே தகவல் கொடுத்ததும் நான்தான். சட்டம் என்றால் சட்டம் என்று இருந்தேன்.

அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார். நாங்கள் குடியிருந்தது கனகலட்சுமியின் வாடகை வீட்டில். தகவல் போனதும் மாத்திரை விஷயமாகச் சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர் பைக்கில் வந்தார். பாவம், அவர் வழிதான் கேட்டார். கேட்ட இடம் கனகலட்சுமியின் வாசலாகப் போய்விட்டது. எந்த ஆபீஸ், என்ன சங்கதி என்று மோரைக் கொடுத்தே வாயைப் பிடுங்கிவிட்டாள். மறுநாள் நான் குடத்தோடு கிணற்றடிக்குப் போனபோது வாளியைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

"இங்கன வராத தாமரை. பிள்ளைகுட்டி இருக்கிற வீடு. வேற வீடு பாத்துக்க. ஒம் புருசன் இருமி இருமி அவிச்ச இட்லியத்தான இம்புட்டு நாளும் தின்னுருக்கோம்."

அந்தக் கடைசிப் பேச்சைக் கடைவீதி வரைக்கும் கொண்டுபோனாள். கடைக்கு ஆள் வருவது நின்றது. தங்கப்பொண்ணு மட்டும் வந்தாள். விசேஷ வீடுகளில் பாத்திரம் கழுவுகிறவள். "எனக்கு நாலு வைங்கண்ணே, பசி உசுர் போகுது" என்று உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். ஆனால் முத்துக்குமரனுக்கு மனசு விட்டுப்போயிற்று. தனக்கு நோயே இல்லை என்று ஊருக்குக் காட்ட மாத்திரையை நிறுத்தினார். மாத்திரை கொண்டுவந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பினார். ஒழுங்காக விழுங்கியிருந்தால் குணமாகிற நோய். தை மாதம் போய்ச் சேர்ந்தார். அவரைக் கொன்றது கிருமி இல்லை, கனகலட்சுமியின் நாக்கு. ஊர் வாயில் அவளும் அதே மாதிரி அரைபட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வைகாசியில் தெரிந்தது. அவளுடைய தோப்புக் காவல்காரன் காளையை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். கிணற்றடிக் கொட்டகையில் குடியிருப்பவன். வயிற்றால் போனது கஞ்சித் தண்ணீராக இருந்தது, கண் குழிவிழுந்து கிடந்தான். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். நான் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கிருமிகள் வெட்டி வெட்டி ஓடின. காலரா அப்படித்தான் ஓடும். எந்தத் தண்ணீர் குடித்தாய் என்று கேட்டேன். "கெணத்துத் தண்ணிதான்க்கா, வேறெது" என்றான். அழுக்குத் துணியை அலசியதும் அதே கிணற்றடியில்தான்.

டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே, "ஹெல்த் ஆபீஸுக்குச் சொல்லிட்டியாம்மா?" என்றார்.

"சொல்லியாச்சு, சார்."

சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. கனகலட்சுமி ஆள் விட்டு விசாரித்தபோது, பழைய கறி ஒத்துக்கொள்ளவில்லையாம் என்றும் சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் உடனே சுகாதாரத் துறை ஜீப் வந்திருக்கும். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டு மூடியிருப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தோப்பில் நடக்கவிருந்த அவளுடைய பேரப்பிள்ளைகளின் காதணி விழாவும் நின்றிருக்கும். அது நிற்கக் கூடாது. அவள் ஊரைக் கூட்டிக் கறிவிருந்து போட வேண்டும், தின்றவர்கள் அத்தனை பேரும் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் படுக்க வேண்டும். சாவு விழும் என்றும் தெரியும். அவளுடைய சொந்தபந்தம்தானே என்று இருந்தேன். அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

எனக்கும் பத்திரிகை வந்தது. காசநோய்க்காரப் புருஷன்தான் செத்துவிட்டானே, இனிமேல் பயமில்லை என்று நினைத்திருப்பாள். போனேன். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் தப்புக் கணக்குப் போட்டது புரிந்தது. இலைக்கு இலை குட்டித் தண்ணீர்ப் பாட்டில். சென்னையில் வேலை பார்க்கும் மருமகன், இந்தக் காலத்தில் டம்ளரில் ஊற்றினால் யார் மதிப்பார்கள் என்று லோடு இறக்கிவிட்டானாம். கிணற்றுத் தண்ணீர் பின்பக்கம் டிரம்மில் இருந்தது. பாத்திரம் கழுவுகிறவர்கள், கொட்டடிக்கிறவர்கள், பந்தல்காரர்கள் குடிக்க. "அவுகளுக்கு எதுக்குப் பாட்டிலு? இந்தத் தண்ணிக்கு என்ன கொறச்சல்?" என்று கனகலட்சுமி சொன்னது என் காதிலேயே விழுந்தது. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு எந்தத் தண்ணீர் என்று பிரித்தவள் அவள், நான் இல்லை.

நினைத்தது முழுக்க வீண்போகவும் இல்லை. அந்த வாரமே பின்பக்கத்து ஆட்கள் வரிசையாக விழுந்தார்கள். நாலு பேர் பிழைக்கவில்லை. ஜீப் அவள் வாசலில் வந்து நின்றது. கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். அந்த வீட்டுப் படியை இப்போது யாரும் மிதிப்பதில்லை. மருமகன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஒருநாள் கடைவீதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எந் தண்ணி அப்பிடிச் செய்யுமா தாமரை? நீ படிச்ச பிள்ள, நீயே சொல்லு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது.

செத்த நாலு பேரில் தங்கப்பொண்ணைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். எச்சில் பாத்திரக் குவியலுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தவள், டிரம்மில் ஒரு சொம்பு மொண்டுகொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, இந்தக் கெணத்துத் தண்ணி குடிச்சு எம்புட்டு நாளாச்சு ஒங்களுக்கு. அந்தம்மா இங்கிட்டு இல்ல, சட்டுன்னு குடிங்க."

சொம்பைத் தட்டிவிட்டு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அப்போது இரண்டாவது பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. சொன்னால் டிரம்மைக் கவிழ்ப்பார்கள், எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது.

"எனக்கு வேணாம்டி, நீ குடி" என்றேன்.

வெயிலில் பாத்திரம் தேய்த்த தாகம். என் கண் முன்னாலேயே அண்ணாந்து குடித்தாள். தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தடுத்திருந்தால் கனகலட்சுமி தப்பித்திருப்பாள்.