மூணு நாளுக்கு ஒரு சீட்டு

கொஞ்சம் இருங்கோ நர்ஸம்மா. உள்ளே போய் மன்னிகிட்ட சொல்றதுக்கு முன்னாடி இப்படி உக்காருங்கோ. அந்த முக்காலியில தாராளமா உக்காரலாம், அது மடியில்லை, யார் தொட்டாலும் தீட்டில்லை, உங்களுக்குன்னே கொல்லைப்பக்கம் போட்டு வெச்சிருக்கு.

ஆறித்தான் இருக்கு. நான் இல்லேன்னு சொல்லலை. இடது கை பூரா ஆறிடுத்து. வலது கையில ரெண்டே வெடிப்பு, கட்டைவிரல் மடிப்புல ஒண்ணு, மோதிர விரல்ல ஒண்ணு. போன தடவை நீங்கோ வந்தப்போ ரெண்டு கையிலயுமா பதினாலு இருந்தது. காலமேயே எண்ணிட்டேன். உங்களுக்குச் சந்தோஷம்னு முகத்துல தெரியறது. அதனாலதான் உக்காருங்கோன்னேன்.

ஆமாம், நீங்கோ சொன்னது ஒண்ணு விடாம பண்ணினேன். சோப்பைத் தொடலை. நகத்தை ஒட்ட வெட்டிண்டேன். அரிச்சா சொறியாம தட்டிக்கோங்கோன்னேள், தட்டிண்டேன். படுக்கறப்போ பழைய வேஷ்டியில பை மாதிரி தெச்சு ரெண்டு கையிலயும் மாட்டிண்டேன். கத்திரிக்காய் சாப்பிடலாம்னு நீங்கோ சொன்னேள், கரப்பானுக்கு ஆகவே ஆகாதுன்னு மன்னி சொன்னா. சாப்பிடலை. எனக்கு அதுல நஷ்டமில்லை.

கையில தண்ணி எத்தனை தடவை படறதுன்னு எண்ணச் சொன்னேளே, அதுதான் எனக்குப் பிடிச்ச வைத்தியம். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டை, டப்பாவுல போட்டுண்டே வந்தேன். தளிகை பண்ற நாள்ல, நீங்கோ சமையல்ங்கறேளே அதுதான், எண்பத்திமூணு. ஸ்நானம், அரிசி களையறது, பருப்பு களையறது, காய் அலம்பறது, பெருமாள் பாத்திரம், நடுவுல பால்காரி மேல புடவை பட்டுடுத்துன்னா மறுபடி ஸ்நானம். எட்டுக்கு மேல கூடாதுன்னேள். நான் சிரிச்சுட்டேன். நீங்கோ கோச்சுண்டேள். உங்களைப் பாத்துச் சிரிக்கலை. எட்டுங்கறது விடியறதுக்குள்ளயே ஆயிடும், அதான்.

மொதல்ல உங்க களிம்பு கூட அப்படித்தானே ஆச்சு. கையைப் பிடிச்சு நீங்கோ அழகா தடவிட்டுப் போவேள். நீங்கோ தொட்டதுக்கு நான் போய்த் தலையோட தண்ணி விட்டுப்பேன். களிம்பு பூரா வாய்க்கால்ல. தப்பா நினைச்சுக்காதேங்கோ, இந்தாத்து வழக்கம் அது. நாலு தடவை அப்படிப் போனப்பறம்தான் நீங்களே கண்டுபிடிச்சு, வாழையிலைத் துண்டுல வெச்சுட்டு அந்தப் பக்கம் நகந்து நின்னேள். உங்க இடத்துல வேற யாராவது இருந்தா நீயும் வேண்டாம் உன் கையும் வேண்டாம்னு போயிருப்பா.

அப்பறம் மன்னிக்கு அது எந்தக் கொழுப்போன்னு சந்தேகம். நெய்யை நூறு தடவை தண்ணி விட்டுக் கடைஞ்சு தடவினா போதும், அது மடின்னா. சரின்னு தாம்பாளத்துல நெய்யை விட்டு, தண்ணி விட்டு, உள்ளங்கையால தேய்ச்சு, நூறும் எண்ணினேன். நெய் வெண்ணெய் மாதிரி வெள்ளையா வந்தது. கை ரத்தமா வந்தது. வெடிப்புக்கு மருந்து பண்ணப் போய் நூறு தடவை தண்ணி. அரைச்சேர் நெய் பாழ்னு மன்னி நாலு நாள் சொல்லிண்டிருந்தா.

மன்னி பொல்லாதவா இல்லை. அதையும் சொல்லிடறேன். எனக்குப் பதினேழு வயசுல அவர் போயிட்டார். அண்ணாதான் மேல்கோட்டையிலேர்ந்து இங்கே மைசூருக்கு அழைச்சிண்டு வந்தார். வந்த அன்னிக்கே தளிகையுள்ளுக்குள்ள போனேன். நாப்பத்தொரு வருஷம் ஆறது. அண்ணா ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னதில்லை. புடவைக்கு ஒரு குந்துமணி குறைவில்லை. அரமனை இங்கேர்ந்து ஒரு மைல் இருக்குமா? தசராவுக்கு ஊர்லேர்ந்து முப்பது பேர், நாப்பது பேர் வருவா. எல்லாரும் அம்பாரி பாக்கப் போவா. நான் வந்தவாளுக்கு ராத்திரித் தளிகை. பீரங்கிச் சத்தம் கேக்கும். இருபத்தொண்ணு எண்ணுவேன். எண்ணி முடிச்சா ராஜா புறப்பட்டாச்சுன்னு அர்த்தம், சாதத்தை வடிக்கலாம்.

இதெல்லாம் எதுக்கு இப்போன்னு நினைக்கறேள். உள்ளே அண்ணாவோட மாட்டுப்பொண்ணு குமுதவல்லி குழந்தைக்குப் பால் குடுத்துண்டிருக்கா, முடிஞ்சப்பறம்தான் உங்களைக் கூப்பிடுவா. அவகாசம் இருக்கு.

நீங்கோ சின்னவா, ஆனா நர்ஸு. உங்ககிட்ட சொல்லலாம். தூரம்னு மூணு நாள் ஒதுங்கி இருப்போமே. மத்தவாள்ளாம் அதைச் சொல்லி அழுவா. பட்டினி, பழம்பாய், யாரும் கிட்ட வரமாட்டான்னு. நான் வாயைத் திறக்க மாட்டேன். அதோ அந்த விறகு அடுக்கற உள்ளுதான். கொட்டையை வெச்சுண்டு பல்லாங்குழி ஆடுவேன், இடது கைக்கும் வலது கைக்கும். இடது கைதான் ஜாஸ்தி ஜெயிக்கும். தளிகை மன்னி பண்ணுவா. என் இலைக்குச் சாதம் வரும்போது அதுல ஆவி வரும் நர்ஸம்மா. தளிகை பண்றவ எல்லாருக்கும் அப்பறம்தானே சாப்பிடணும், ஆறித்தான் இருக்கும். மாசத்துல மூணு நாள் ஆவி வர்ற சாதம். வருஷத்துக்கு முப்பத்தாறு நாள், சில வருஷம் முப்பத்தொம்பது.

அம்பது வயசுல அது நின்னு போச்சு. மன்னி சொன்னா, யதுகிரி, இனிமே உனக்கு விடுதலைன்னு. அன்னியிலேர்ந்து ஏழு வருஷம் நாலு மாசம். ஒரு நாள் கிடையாது. ஜுரம் வந்தா கஞ்சி நான்தான் வெச்சுக்கணும், வெக்கறதுதான் வெக்கறே, எல்லாருக்குமா வெச்சுடேன்பா.

மொதல் ஓட்டு போட்டோமே, அப்போ வந்தது இது. அண்ணா ஜட்காவுல அழைச்சிண்டு போனார். மை வெச்ச விரல்லதான் மொதல் வெடிப்பு. அந்த மைதான் காரணம்னு மன்னி இன்னும் சொல்றா, இனிமே நம்மாத்துப் பொம்மனாட்டிகள் யாரும் ஓட்டுக்குப் போகப்படாதுன்னு. எதுனாலயோ வந்தது. பத்து நாள்ல ரெண்டு கையும் பிளந்து ரத்தம். ரத்தக் கையால பண்ணின தளிகையைப் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ண முடியுமோ? அண்ணாவே சொல்லிட்டார், யதுகிரி ஒதுங்கி இருக்கட்டும்னு. அன்னிக்கு மத்யானம் அந்த விறகு உள்ளுல உக்காந்தேன். இலையில சாத்தமுது, அதான் ரசம், விட்டா. உப்பு ஜாஸ்தி, மன்னிக்கு எப்பவும் கை தாராளம். நாக்கு சுட்டுடுத்து. அழுதுட்டேன். வலியில அழறேன்னு நினைச்சிண்டு மன்னி விசிறிவிட்டா.

அதுக்கப்பறம் மன்னிக்கும் பொறுமை போயிடறது, தப்புச் சொல்ல முடியாது. முழங்கால் ரெண்டும் வீங்கியிருக்கு. நாலு நாளைக்கு மேல ஆனா, யதுகிரி மருதாணி இட்டுண்டு உக்காந்திருக்காம்பா. தாலியறுத்தவளைப் பாத்து மருதாணிங்கறது நன்னாயில்லை. ஆனா அவா வலியில வர்ற பேச்சு அது.

அதனால, இப்போ உள்ளே போய், ஆறிடுத்து, நாளைக்கு அடுப்பாங்கரைக்குப் போகலாம்னு நீங்கோ சொன்னா, நாளைக்கே போவேன். போகாம இருக்க முடியாது. ஆறலைன்னு பொய் சொல்லச் சொல்லலை. உங்களைப் பொய் சொல்லவெச்ச பாவம் எனக்கு வேண்டாம். ஒரு சீட்டு எழுதிக் குடுங்கோ, போதும். மாசத்துல மூணு நாள் இவா கையில தண்ணியே படக்கூடாதுன்னு. ஆஸ்பத்திரிக் காகிதத்துல, கன்னடத்துல எழுதுங்கோ. அண்ணா வாசிச்சுக் காட்டினா மன்னி கேப்பா. மூணே நாள். நாலுன்னு எழுதாதேங்கோ, மன்னி முழங்காலுக்கு மூணுதான் தாங்கும், நான் கணக்குப் பண்ணிட்டேன்.

நானே கேக்கலாமேங்கறேளா? என்னன்னு கேக்கறது? எனக்கு உக்காரணும்னா? ஒடம்புக்கு ஒண்ணுமில்லாதவ எதுக்கு உக்காரணும்பா. நாப்பத்தொரு வருஷத்துல அவாகிட்ட ஒண்ணு கேட்டதில்லை. பழக்கமில்லை.

அப்படியா. ஆறின கைக்கு எப்படிச் சீட்டு எழுதறதுன்னு யோசிக்கறேள். இனிமே திரும்ப வராதுங்கறேள்.

வரும், நர்ஸம்மா. நாலு மாசமா வந்து பாத்துண்டிருக்கேள், மூணு தடவை ஆறி மூணு தடவையும் வந்ததே. பெரிய டாக்டரம்மாகிட்ட போய், நான் குடுத்த மருந்து பிடிக்கலைன்னு நீங்கோ தலையைக் குனிஞ்சிண்டு நின்னேளாம், குமுதவல்லி சொன்னா. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சாதம் இறங்கலை. உங்க மருந்துல ஒரு குத்தமும் கிடையாது. மொதல் தடவை தானா வந்தது, அது சத்தியம். அதுக்கப்பறம் வந்ததெல்லாம் நான்தான். கிணத்தடியில பாத்திரம் தேய்க்கறதுக்கு வேலைக்காரி சென்னம்மா சாம்பலும் சோடா உப்பும் கரைச்சு ஒரு வாளி வெச்சிருப்பா. அவ மாட்டை அவுத்துண்டு போனப்பறம், அதுல ரெண்டு கையையும் வெச்சுண்டு முன்னூறு எண்ணுவேன். இந்தத் தடவை எரிச்சல் தாங்கலை. இருநூத்தி எழுபதுலயே எடுத்துட்டேன். அதான் இத்தனை சீக்கிரம் ஆறிடுத்து.