தொண்டை திருப்பிக் கொடுத்த ஷூ

மனித குலத்தில் அருவருப்பை முழுவதுமாக வென்றுவிட்ட ஒரே ஆள் பார்னபி. இதை நான் சொல்லவில்லை. அவனே சொன்னான். மதுக்கடையில், நாற்காலி மேல் ஏறி நின்று, சிரிக்காமல் சொன்னான். ஆதாரமும் வைத்திருந்தான். ஆட்டுப் புழுக்கை மேல் விழுந்த மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். ஓடையில் வாய் வைப்பதற்கு முன், மேலே ஆடு கீடு செத்துக் கிடக்கிறதா என்று நாமெல்லாம் பார்ப்போமே, அவன் பார்க்க மாட்டான். ஒரே ஒரு முறை பார்த்தான். கிடந்தது. குடித்தான்.

அடுப்போரம் காய்கிற உங்கள் ஷூக்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த நாற்றத்தை வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல என்னால் ஆகாது... ம், போதும்.

பார்னபி யாரோ இல்லை. இதோ, போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிற எலியட்டின் ஒன்றுவிட்ட அண்ணன். பொய் என்றால் எலியட் இப்போதே சொல்லட்டும்.

பார்த்தீர்களா, சொல்லவில்லை.

நவம்பர். மாலை நாலு மணி. கோல்ட் எட்ஜ் மலைக்கு ஏறும் கல்பாதை. மழை இல்லை, ஆனால் காற்றே ஈரமாக இருந்தது. ஆடுகள்கூடக் கீழே இறங்கிவிட்டன. பாதையில் இரண்டே பேர். பார்னபியும் ஹெஸ்டரும்.

மலைத் தொடர் ஓட்டத்துக்கு எங்கள் ஓட்டக் கிளப்பிலிருந்து ஆறு பேர் போக வேண்டும். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. ஆறாவது இடத்துக்கு இவர்கள் இருவரும் சரிக்குச் சரி. மலை ஏறி, உச்சிச் சதுப்பைக் கடந்து, மறுபக்கம் இறங்கி, டன்னெட் ஆற்றோரமாகவே ஓடிக் கல்பாலத்தை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். பார்னபி மூன்று வருடமாக அதற்காக அலைந்தவன். அவனுக்கு வேறு ஆசையே கிடையாது. பரீட்சைகூட எழுதாமல் ஓடினவன்.

அந்தச் சதுப்பில் ஒரு இடம் உண்டு. கிளப்பில் அதைத் ‘தொண்டை’ என்பார்கள். பார்த்தால் புல் மாதிரி இருக்கும். கால் வைத்தால் கரிச்சேறு ஷூவைக் கழற்றி விழுங்கிவிடும். விழுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கையை உள்ளே விட்டுத் தேடக் கூடாது. மற்ற ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வீடு போய்ச் சேர வேண்டும். ஏன் என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. “அது மரியாதை” என்று முடித்துக்கொள்வார்கள்.

போன வருடம் ஹெஸ்டர் அப்படித்தான் செய்தாள். ஜோடியை வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். அணியில் இடம் போயிற்று. பார்னபி அன்றிலிருந்து அவளுக்குச் ‘செருப்புச் சாமியார்’ என்று பெயர் வைத்து, ஒரு வருடமாக விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

உச்சியில் அவள் பின்னாலிருந்து கத்தினாள்.

“டேய் பார்னி, இடப்பக்கமா சுத்திப் போ! நடுவுல போகாதே!”

“ஏன், உன் பழைய ஷூ என்னைப் பாத்து அழுமா?”

“சொன்னாக் கேளுடா!”

“ஜெயிக்கணும்னா ஓடு, சாமியாரே! பூசை பண்ணிட்டு நிக்காதே!”

சொல்லி முடிக்கவில்லை...

ப்ளக்.

இடது கால் வெறுங்காலாக வெளியே வந்தது.

எலியட், அந்த சூப்பைக் கீழே வை. இனி வருவது சூப்போடு ஒத்துப்போகாது.

பார்னபி திரும்பிப் பார்த்தான். ஹெஸ்டர் ஓரமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். யோசிக்க நேரமில்லை. குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டான். முழங்கை வரை. தோள் வரை. கன்னம் சேற்றில் பதிந்தது. அழுகிய முட்டையும் நனைந்த கம்பளியும் கலந்த நாற்றம். மேல் சேறு ஐஸ் மாதிரி இருந்தது. கீழே போகப் போக... வெதுவெதுப்பு. காய்ச்சல்காரன் வாய்க்குள் கையை விட்ட மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னானாம். வழவழப்பாக ஏதோ விரல்களைத் தடவிப் பார்த்தது. இவன் தடவவில்லை. அது தடவியது.

ஷூவின் விளிம்பு அகப்பட்டது. இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். சரி போ என்று யாரோ பிடியை விட்ட மாதிரி வந்தது.

காலில் மாட்டினான். உள்ளே சூடாக இருந்தது. இன்னொருவர் அப்போதுதான் கழற்றிக் கொடுத்த சூடு.

ஓடினான்.

மலை இறங்கி ஆற்றோரப் பாதைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பாதை மட்டும். ஒரு பக்கம் ஆறு. வலது கால் ‘தட்’ என்றது. இடது கால் ‘பொசக்’ என்றது. குதிகாலுக்கு அடியில் ஏதோ கொழகொழவென்று முன்னும் பின்னும் நகர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் வாயிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து கணுக்காலில் வழிந்தது. பூச்சாடியில் ஒரு மாதம் மாற்றாத தண்ணீர் நாறுமே... அது. பிறகு விரல் இடுக்குகளில் ஓர் அசைவு. பக்கத்தில் தூங்குகிறவர் நமக்கு இடம் விட்டு ஒதுங்கிப் படுப்பாரே, அந்த மாதிரி.

ஹெஸ்டர் பத்தடி பின்னால்.

“பார்னி! ஷூக்குள்ள என்னடா அது? சத்தம் சகிக்கல!”

“தண்ணிதான்!”

“தண்ணி இப்படி மெல்லாதுடா!”

அவன் நிற்கவில்லை. நிற்க முடியவில்லை என்பதே சரி. வலது கால் களைத்துத் துவண்டது. இடது கால் களைக்கவே இல்லை. அதுதான் அவனை இழுத்துக்கொண்டு போனது.

பாலத்தைத் தொட்டான். ஜெயித்துவிட்டான்.

ஹெஸ்டர் வந்து சேர்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உடனே மூக்கையும் பிடித்துக்கொண்டாள்.

“சரி, இடம் உனக்குத்தான். முதல்ல அந்தச் சனியனைக் கழட்டு.”

ஆற்றங்கரையில் உட்கார்ந்து கழற்றினான். ஷூ அவனுடையதுதான். அவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பிறகு, பழக்கமான வேலை மாதிரி, சாக்ஸை உருட்டிக் கழற்ற ஆரம்பித்தான். பழுப்பு நிறம். மெல்லிசு. ஆறிப்போன பாலின் ஆடை மாதிரி சுருங்கிச் சுருங்கி உரிந்து வந்தது. முழுசாக வந்தது. குதிகால் தனியாக. ஐந்து விரல்களும் தனித்தனியாக.

சிரித்துக்கொண்டே அதைத் தூக்கி ஆற்றில் எறிந்தான். அது மூழ்கவில்லை. விரல் பக்கம் மேலே தெரிய மிதந்து, பாலத்தின் தூணை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போனது.

“பார்னி...” என்றாள் ஹெஸ்டர். “நீ என்னிக்குடா சாக்ஸ் போட்டிருக்கே?”

போட்டதே இல்லை. சாக்ஸ் கோழைகளுக்கானது என்று அதே மதுக்கடையில் ஒரு மணி நேரம் பேசியவன் அவன்.

அவள் விளக்கைக் கீழே திருப்பினாள்.

மலையில் ஓடுகிறவர்கள் யாருக்குக் கால் நகம் உருப்படியாக இருக்கிறது? உங்கள் காலையே பாருங்கள். பார்னபிக்கு இடது பெருவிரல் நகம் விழுந்து இரண்டு வருடம். இப்போது அங்கே நகம் இருந்தது. ஐந்து விரலிலும் இருந்தது. அளவாக வெட்டி, அழுக்கெடுத்த நகம். அவனுடைய கால் ஆணி இல்லை, தழும்பு இல்லை. பாதம் மெத்தென்று, ஒரு நாளும் வெயில் படாத மாதிரி வெளுத்திருந்தது.

கிள்ளிப் பார்த்தான். வலித்தது. வலிக்காமல் இருந்திருந்தால் தேவலை என்றானாம்.

அந்தக் காலைத் தன்னிடமிருந்து எட்ட நீட்டி வைத்துக்கொண்டான்.

“இடத்தை நீயே எடுத்துக்கோ, ஹெஸ்டர்.”

“ஜெயிச்சது நீதானேடா?”

“எந்தக் காலால ஜெயிச்சேன்னு எனக்குத் தெரியல.”

மறுநாள் விடிந்ததும் மலை ஏறினான். இடது ஷூவை இரண்டு விரலால் பிடித்து, உடம்பிலிருந்து எட்டத் தொங்கவிட்டுக்கொண்டு போனான். ஹெஸ்டரும் கூடப் போனாள். தொண்டையின் ஓரத்தில் அதை வைத்தான். ஒற்றைக் காலில் தள்ளாடி, வலது ஷூவையும் கழற்றி, பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். சாமியார் என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

வெறுங்காலோடு இறங்கினான். வலது பாதத்தில் சேறும் புழுக்கையும் அப்பிக் கிடந்தன. அதை அவன் கவனிக்கவே இல்லை. அந்தச் சுத்தமான இடது காலை மட்டும்... நாலடிக்கு ஒரு தரம் நின்று, புல்லில் துடைத்துத் துடைத்துக்கொண்டே போனான்.