பார்வையாளர் இல்லாத சனிக்கிழமை

ஹாரியட்: என் செல் நம்பர் உனக்கு எப்படிக் கிடைச்சுது, லாமார்?

லாமார்: லைப்ரரில ஊர்க்காரங்க செல் நம்பரெல்லாம் போட்ட டெலிபோன் புத்தகம் இருக்கு, மிஸ் ஹாரியட். நானே படிச்சுக் கண்டுபிடிச்சேன்.

ஹாரியட்: ...நீயேவா?

லாமார்: 'ஹாரியட்'னு தேடியே அரை மணி நேரம் போச்சு. குடும்பப் பேரைத்தான் முதல்ல போடுவாங்கன்னு அப்புறம்தான்...

ஹாரியட்: மக்கு! ஆறு வருஷம் ஜெயிலுக்கு வந்து எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேனே!

லாமார்: சம்பளம் வாங்காம சொல்லிக் கொடுத்தா இப்படித்தான்.

ஹாரியட்: சிரிக்காத. பரோல் முடியற வரைக்கும் நாம பேசவே கூடாது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். உன்னைத் திரும்ப உள்ள தள்ளிடுவாங்க.

லாமார்: தெரியும். ரெண்டே நிமிஷம்...

ஹாரியட்: ...அக்கா வீட்டுலதான இருக்க?

லாமார்: ஆமா. அக்கா மீன் வறுக்குறா. பிள்ளைங்க ஒரே கூத்து.

ஹாரியட்: சத்தமே கேக்கல?

லாமார்: பேச முடியலன்னு கொல்லைப்பக்கம் வந்துட்டேன். நீங்க?

ஹாரியட்: மகன் குடும்பத்தோட வந்திருக்கான். சாப்பாடு எடுத்து வச்சுட்டிருக்கேன்.

லாமார்: அப்ப இன்னிக்கு ஜெயிலுக்குப் போகலையா? உங்ககிட்ட படிக்கற புது ஆள் யாரு?

ஹாரியட்: இன்னும் யாரையும் கொடுக்கல. நல்லதுதான். அறுபது மைல் ஓட்டற வேலை மிச்சம்.

லாமார்: ம்... கடைக்குப் போனேன், மிஸ் ஹாரியட். சோப்பு மட்டுமே ஒரு சுவரு முழுக்க. எதை எடுக்கறதுன்னு தெரியாம வெறுங்கையோட வந்துட்டேன்.

ஹாரியட்: கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுக்க வேண்டியதுதான?

லாமார்: கண்ணை மூடினா காவலாளி திருடன்னு... இருங்க, இருங்க. சங்கு ஊதுது. உங்க பக்கமும் கேக்குதே?

ஹாரியட்: 'உங்க பக்கமும்'னா?

லாமார்: அது... பக்கத்துல ஏதோ ஃபேக்டரி சங்கு.

ஹாரியட்: அது கைதிங்களை எண்ணற சங்கு. நீ எங்க இருக்க, லாமார்?

லாமார்: ஜெயிலுக்கு எதிர, பஸ் ஸ்டாப்ல. அக்கா முதல் நாளே கதவைத் திறக்கல. விடுதில ஒரு ரூம் கொடுத்திருக்காங்க. சனிக்கிழமை ஆனா... வேற எங்க போறதுன்னு தெரியல. நீங்க?

ஹாரியட்: ஜெயில் வேலியோரம் நிக்குதே, அந்த நீலக் கார்ல. திரும்பிப் பாக்காத, யாராவது கவனிப்பாங்க. மகன் வந்து நாலு வருஷமாச்சு... பஸ் வர்ற வரைக்கும் ஏதாவது பேசிட்டே இரு, லாமார்.